கேளம்பாக்கத்துக்கு நாலு பஸ்: சென்னைப் புறநகர்த் தடங்களின் வரலாற்றைத் திரட்டும் முறை

கேளம்பாக்கம் சந்திப்பில் நின்று, வருகிற பேருந்துகளின் எண்ணையும் அவை கிளம்பிய இடத்தையும் மட்டும் ஒரு தாளில் குறித்துப் பாருங்கள். சென்னை தெற்கே எப்படி நீண்டது என்பதற்கு முதல் தடயம் கையில் வந்துவிடும். சைதாப்பேட்டையோடு சேர்ந்த எண் 19பி. பிராட்வேயோடு சேர்ந்தது 102. கோயம்பேட்டோடு சேர்ந்தது 570. தாம்பரத்தில் கிளம்பி, வண்டலூரில் திரும்பி, மாமல்லபுரம் போகிற வழியில் இந்த ஊரைத் தொடுவது 515. நாலும் தொடுவது ஒரே ஊரை. ஆனால் நாலும் ஒரே காலத்துத் தேவைக்கு விடப்பட்டவை அல்ல.

செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நெடுங்காலம் சைதாப்பேட்டையில்தான் இருந்தது. பட்டாவோ மனுவோ வழக்கோ, உப்பளம் சூழ்ந்த இந்தக் கடலோரக் கிராமங்களின் ஆட்கள் சைதாப்பேட்டைக்குப் போயே ஆக வேண்டும். பிராட்வே என்றால் உயர் நீதிமன்றம், துறைமுகம், கொத்தவால் சாவடி. தாம்பரம், 1931-ல் கடற்கரையிலிருந்து மின்சார ரயில் ஓடத் தொடங்கிய நாள்முதல் ரயில் முனை. கோயம்பேட்டுக்கு 1996-ல் மொத்தக் காய்கறிச் சந்தை வந்தது, 2002 நவம்பரில் வெளியூர்ப் பேருந்து நிலையம் வந்தது. ஆகவே 570-ஐ இன்றைய வடிவில் பார்க்கிறவர் அதை 1980-களுக்குக் கொண்டுபோக முடியாது. ஒரு சின்ன ஊரை நாலு பக்கமிருந்தும் நாலு காந்தங்கள் இழுத்திருக்கின்றன. எந்தக் காந்தம் எப்போது வலுவாக இருந்தது என்பதுதான் தடத்தின் வரலாறு.

இதைத் திரட்ட இறங்குகிறவர்கள் பெரும்பாலும் எண்ணைப் பிடித்துக்கொண்டு தொடங்குகிறார்கள். ‘29சி-யின் வரலாறு’, ‘21ஜி-யின் வரலாறு’ என்று. பாதி வழியில் சிக்கிக்கொள்வதற்குக் காரணம் அதுதான். எண் மாறும், எழுத்து சேரும், வேறு தடத்துக்குப் போய்விடும். மாறாமல் நிற்பவை பேருந்து போய்த் திரும்புகிற இடமும், வழியில் தாண்டுகிற பாலமும். அவற்றிலிருந்து தொடங்குங்கள்.

கடல் அடைத்த ஊரில் பேருந்து எங்கே திரும்பும்?

மதுரை, கோவை போன்ற ஊர்களில் நடுவிலிருந்து நாலு திசைக்கும் வண்டி போகும். ஒரு பக்கத்தில் வந்த பேருந்து ஊரை ஊடுருவி மறுபக்கம் போகலாம். சென்னையில் அது நடக்காது. கிழக்கே வந்த பேருந்துக்கு முன்னே போக வழியில்லை, கடல். அங்கேயே திரும்பித்தான் ஆக வேண்டும். அதனால் திரும்புமிடங்கள் எல்லாம் கரையை ஒட்டி வரிசையாக அமைந்துவிட்டன: பிராட்வே, அண்ணா சதுக்கம், ஃபோர்ஷோர் எஸ்டேட், பெசன்ட் நகர், திருவான்மியூர். உள்நாட்டுப் பேட்டை ஒன்றைக் கடற்கரை முனை ஒன்றோடு கோத்தது போலத்தான் பழைய தடங்கள் இருக்கும். பெரம்பூர்–பெசன்ட் நகர் 29சி. வடபழனி–ஃபோர்ஷோர் எஸ்டேட் 12பி. வில்லிவாக்கம்–ஃபோர்ஷோர் எஸ்டேட் 27டி. பூந்தமல்லி–அண்ணா சதுக்கம் 25ஜி. இந்த இணையைப் பார்த்தவுடன், நடுவில் எந்தச் சாலை வழியாகப் போயிருக்கும் என்று ஊகிக்கலாம்.

கரைக்கு இணையாக வடக்கு தெற்காக ஓடும் நீண்ட தடம் அபூர்வம். அதில் பெயர்பெற்றது எண் 1, திருவொற்றியூர்–திருவான்மியூர். இரண்டு முனையும் தேவாரம் பாடிய தலங்கள். ஒற்றியூரும் வான்மியூரும் ஊர்களாக இருந்தபோது இடையில் சென்னை என்ற நகரமே கிடையாது என்பதை நினைத்துக்கொண்டு அந்தப் பேருந்தில் ஒருமுறை முழுத் தடமும் போய்வர வேண்டும்.

சுற்றுத் தடங்கள் வேறு வகை. தாம்பரத்திலிருந்து பல்லாவரம், குன்றத்தூர் வழியாகப் பூந்தமல்லி போகும் 66-உம், வேளச்சேரியிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட் போகும் டி70-உம் கடலைத் தொடாமலே ஊரைச் சுற்றுகின்றன. வேலைக்குப் பிராட்வே பக்கத்துப் பாரிமுனைக்கு வரவேண்டிய அவசியம் இல்லாத ஆட்கள் பெருகிய பிறகுதான் இப்படிப்பட்ட தடங்கள் நிரம்பி வழியத் தொடங்கின. ஒரு பகுதியில், நடுநகரை நோக்கி வரும் ஆரத் தடங்களைவிடச் சுற்றுத் தடங்களில் கூட்டம் அதிகமான ஆண்டைக் கண்டுபிடித்துவிட்டால், அந்தப் பகுதி எப்போது சென்னையின் வாலாக இருப்பதை நிறுத்தியது என்று தெரிந்துவிடும்.

அடுத்தது பாலம். அடையாற்றைத் தாண்டாமல் தெற்கே போக முடியாது. தாண்டும் இடங்களோ சில. சைதாப்பேட்டையில் மறைமலையடிகள் பாலம், 1726-ல் கட்டிய மர்மலாங் பாலம் இருந்த இடம். அடையாறில் திரு.வி.க. பாலம், 1973-ல் வந்தது, அதற்கு முன்பு அங்கே எல்பின்ஸ்டன் பாலம். இடையில் கோட்டூர்புரம் பாலம். மேற்கே ஈக்காட்டுத்தாங்கல். ஆற்று முகத்துவாரத்தில் நின்ற சிறு பாலம் 1977-ல் உடைந்தது. இன்றும் ‘உடைந்த பாலம்’ என்றே அதற்குப் பெயர். ஆகவே பட்டினப்பாக்கத்துக்கும் பெசன்ட் நகருக்கும் கண்ணுக்கெட்டிய தூரம்தான் என்றாலும் பேருந்து அடையாறு வரை போய்ச் சுற்றித்தான் வர வேண்டும். நாலு கேளம்பாக்கம் தடங்களில் 515 மட்டும் ஆற்றைத் தாண்டுவதே இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சைதாப்பேட்டைப் பாலத்தில் போக்குவரத்தை நிறுத்தியபோது இந்த வித்தியாசத்தின் அருமை தெரிந்தது.

வட கடற்கரையில் சிக்கல் வேறு மாதிரி. துறைமுகத்தின் சுவர் மணலை மறித்ததால் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே கரை அரிபட்டது. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கரையோரச் சாலை கடலோடு மல்லுக்கட்டியே பிழைத்திருக்கிறது. எண்ணூர் பக்கத்துத் தடம் ஒன்றைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: ‘டி.எச். ரோடு (திருவொற்றியூர் நெடுஞ்சாலை) வழியா, பீச் ரோடு வழியா?’ பதிலோடு ஆண்டையும் வாங்கிக்கொள்ளுங்கள். கடல் சீற்றத்துக்காகத் தற்காலிகமாக மாற்றிய பாதையை நிரந்தரப் பாதை என்று எழுதிவிடுவது வட சென்னைத் தடங்களில் அடிக்கடி நேரும் தவறு.

நிர்வாகப் பெயர்கள், சுருக்கமாக

காலம் கணிக்கப் பயன்படும் அளவுக்கு இவை தெரிந்தால் போதும். 1895-ல் மின்சார டிராம் வந்தது, 1953 ஏப்ரலில் நின்றது. பேருந்துகள் தனியாரிடம் இருந்தன. 1947-ல் சென்னை அரசு 30 பேருந்துகளோடு நகரப் போக்குவரத்தைத் தன் கையில் எடுத்தது. 1972 ஜனவரி 1 முதல் பல்லவன் போக்குவரத்துக் கழகம். 1994-ல் வட சென்னைப் பணிமனைகளைப் பிரித்து டாக்டர் அம்பேத்கர் போக்குவரத்துக் கழகம். 1997-ல் தமிழ்நாடு முழுவதும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்து தலைவர்களின் பெயர்களை எடுத்தபோது இரண்டும் மாநகர் போக்குவரத்துக் கழகத்தின் இரு கோட்டங்களாயின. 2001 ஜனவரியில் ஒன்றாயின.

பெயர் போனாலும் சில இடங்களில் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. தலைமை அலுவலகம் இன்றும் பல்லவன் இல்லம். பழைய மாமல்லபுரம் சாலையில் துரைப்பாக்கத்துக்குப் பக்கத்தில் ‘பி.டி.சி. குவார்ட்டர்ஸ்’ என்று ஒரு நிறுத்தம் உண்டு. பல்லவன் கழகத்தைப் பார்த்தேயிராத பிள்ளைகள் தினமும் அந்தப் பெயரைச் சொல்லி டிக்கெட் வாங்குகிறார்கள்.

டிக்கெட், போர்டு, பட்டியல்

பழைய அச்சு டிக்கெட் கிடைத்தால் மகிழ்ச்சிதான். ஆனால் அதில் பெரும்பாலும் தடம் எண் இருக்காது. கழகத்தின் பெயர், கட்டணம், வரிசை எண், ஸ்டேஜ் (கட்டணம் மாறும் எல்லை) எண்கள், இவ்வளவுதான். கழகத்தின் பெயர் மேலே சொன்ன எல்லைகளில் ஒன்றுக்குள் காலத்தைக் கட்டும். கட்டணம் அதை இன்னும் இறுக்கும். சாதாரணப் பேருந்தின் குறைந்தபட்சக் கட்டணம் 2011 நவம்பரில் 2 ரூபாயிலிருந்து 3 ரூபாயானது, 2018 ஜனவரியில் 5 ரூபாயானது. கொடுத்தவரிடம் அப்போதே கேட்டு, எங்கே ஏறி எங்கே இறங்கினார் என்று டிக்கெட்டின் பின்பக்கம் அல்ல, உறையின் மேல் பென்சிலால் எழுதுங்கள்.

மெஷின் டிக்கெட் வேறு சங்கதி. அது வெப்பத்தாள். சட்டைப்பையின் வியர்வையிலேயே எழுத்து மங்கும். பிளாஸ்டிக் உறையில் போட்டால் பத்திரம் என்று நினைப்பார்கள், அதில் இன்னும் சீக்கிரம் வெளுக்கும். லேமினேட் செய்தால் சூட்டில் முழுத் தாளும் கறுத்துப்போகும். கிடைத்த அன்றே தட்டையாக வைத்து, நிழல் விழாமல் படம் எடுத்துவிடுங்கள். தாளைக் காகித உறையில், பீரோவின் கீழ்த்தட்டில் வையுங்கள். பழைய அச்சு டிக்கெட்டுக்குக் காகித உறை போதும், பசை மட்டும் கூடவே கூடாது.

தகரத்தில் பெயின்டால் எழுதிய தட போர்டு கிடைப்பது பெரிய பாக்கியம். திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் கிடந்தவற்றை உப்புக் காற்று அரித்திருக்கும். தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள், பெயின்ட் செதிலாக வந்துவிடும். மென்மையான உலர்ந்த பிரஷ் போதும். இரு பக்கமும் படம் எடுங்கள், ஏனென்றால் ஒரே தகரத்தைத் திருப்பி வேறு தடத்துக்கு எழுதுவது சகஜம். டார்ச்சை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்து ஒரு படம் கட்டாயம் எடுங்கள். மேல்பூச்சுக்கு அடியில் இருக்கும் முந்தைய எண் மேடாகத் தெரியும்.

போர்டின் நிறத்தையும் எழுதத் தவறாதீர்கள். சாதாரணப் பேருந்துக்கு வெள்ளை போர்டு. ஒரு காலத்தில் மஞ்சள் போர்டு குறைந்த நிறுத்தங்களுக்கும் பச்சை எக்ஸ்பிரஸுக்கும் இருந்தன, பிறகு டீலக்ஸும் வந்தது. ஒரே எண்ணில் நாலு வகை வண்டி ஓடலாம். தடம் இருந்தது என்பதை மட்டும் எழுதினால் பாதி வரலாறுதான். வீட்டு வேலைக்கும் சித்தாள் வேலைக்கும் போகிறவர்களுக்கு வெள்ளை போர்டு வந்ததா என்பதுதான் தடம் இருந்ததா என்பதற்குப் பொருள். மற்ற வண்டிகளை அவர்கள் விட்டுவிட்டு நிற்பார்கள். 2021 மே மாதம் முதல் பெண்களுக்குச் சாதாரணப் பேருந்தில் கட்டணமில்லாப் பயணம் வந்தபின் இந்த வித்தியாசம் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. 2022-ல் முன்னும் பின்னும் இளஞ்சிவப்பு பூசிய பிறகு தூரத்திலிருந்தே தெரிகிறது.

தட எண்ணின் எழுத்துகளைப் படிக்கும்போது நிதானம் வேண்டும். எண்ணுக்குப் பின்னால் வரும் ஏ, பி, சி கிளைத் தடத்தைக் காட்டுபவை. முன்னால் வரும் எழுத்து பல நேரம் சேவையின் வகையைச் சொல்லும். 2013-ல் வந்த சிற்றுந்துகளுக்கு முன்னால் எஸ். ‘கட்’ என்று சேர்த்தால் முழுத் தடமும் போகாமல் வழியில் திரும்பும் வண்டி. ‘எக்ஸ்டென்ஷன்’ என்றால் முனையைத் தாண்டிப் போவது. 500-களில் தொடங்கும் எண்களில் நகர எல்லையைத் தாண்டிப் பக்கத்து ஊர்களுக்குப் போகிறவை நிறைய. தாம்பரம்–செங்கல்பட்டு 500 நல்ல உதாரணம். ஆனால் இதை விதியாக எழுதிவிடாதீர்கள். பிராட்வே–கேளம்பாக்கம் வண்டியை இன்று 102 என்கிறோம். பழைய பயணிகள் அதே திசைக்கு 21எச் என்பார்கள். எண்ணை மட்டும் தேடினால் 102-க்கு இளம் வயது, 21எச் செத்துப்போன தடம் என்று இரண்டு பொய்யும் சேர்ந்து வரும்.

பெயர்களை வைத்துக் காலம் கணிப்பது பலன் தரும் வழி. ‘ஐ.சி.எஃப்’ (பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை) என்று ஒரு பட்டியலில் இருந்தால் அது 1955-க்கு முந்தியதாக இருக்க முடியாது. ‘அண்ணா சதுக்கம்’ 1969-க்குப் பின். ‘டைடல் பார்க்’ 2000-க்குப் பின். ‘சி.எம்.பி.டி.’ (கோயம்பேடு பேருந்து நிலையம்) 2002 நவம்பருக்குப் பின். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. இந்தக் கணக்கு பட்டியலின் வயதைத்தான் சொல்லும், தடத்தின் வயதை அல்ல. 2005-ல் தட்டச்சு செய்தவர் 1970-ன் தடத்துக்கும் புதிய பெயரையே போட்டிருப்பார். மறுபக்கமும் உண்டு. ஜெமினி, சபையர் என்று இல்லாத ஸ்டூடியோவும் இல்லாத தியேட்டரும் நிறுத்தங்களின் பெயர்களாக நீடித்தன. பழைய பெயர் இருப்பதால் பட்டியல் பழையது ஆகிவிடாது.

அலுவலகத்தில் என்ன கேட்பது

தகவல் பெறும் உரிமைச் சட்டத்தில் மனு போடுவது எளிது. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், 30 நாள். ஆனால் ‘இந்தத் தடத்தின் வரலாறு தருக’ என்று கேட்டால் ‘அவ்வாறான ஆவணம் இல்லை’ என்றுதான் பதில் வரும், அது நியாயமும்கூட. இருக்கும் ஆவணத்தைத் தருவதுதான் அவர்கள் கடமை, புதிதாகத் தொகுத்துத் தருவது அல்ல. ஆகவே ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்: குறிப்பிட்ட தடம் எண்ணுக்கு, குறிப்பிட்ட ஆண்டில், தொடங்கும் இடம், முடியும் இடம், தட நீளம், ஸ்டேஜ் பட்டியல், எந்தப் பணிமனை, எத்தனை ஷெட்யூல் (ஒரு வண்டியின் ஒரு நாள் ஓட்டத் திட்டம்). ஒரு மனுவில் இரண்டு மூன்று தடங்களுக்கு மேல் வேண்டாம்.

போக்குவரத்துத் துறையின் ஆண்டுக் கொள்கை விளக்கக் குறிப்புகள் மொத்தக் கணக்குக்கு உதவும், தனித் தடத்துக்கு உதவாது. நாளிதழ்களைக் கன்னிமாரா நூலகத்தில் புரட்டலாம், பழைய அரசாணைகளுக்கு எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். நாளிதழில் தேடும்போது தொடக்க விழாச் செய்தியை மட்டும் நம்பாதீர்கள். கொடியசைத்த தடம் மூன்று மாதத்தில் நின்றுபோனது செய்தியாக வராது. ஆசிரியருக்குக் கடிதங்கள் பகுதியைப் பாருங்கள். ‘இரவு 9 மணிக்குப் பிறகு வண்டி இல்லை’ என்று மடிப்பாக்கத்துக்காரர் எழுதிய நாலு வரியில் கடைசி பஸ்ஸின் நேரம் இருக்கும்.

ஆட்களிடம் கேட்பது

ஓட்டுநர், நடத்துநர், டைம் கீப்பர், நிலையத்துக்குள் டீக்கடை வைத்திருப்பவர், முதல் பஸ்ஸில் பூவோ மீனோ கீரையோ கொண்டுபோனவர். இந்த வரிசையில் கடைசியாகச் சொன்னவர்தான் மிக உறுதியான சாட்சி. காரணம், அவர் பிழைப்பு அந்த ஒரு வண்டியின் நேரத்தில் தொங்கியது. கொத்தவால் சாவடியிலிருந்து சந்தை கோயம்பேட்டுக்குப் போன 1996-ல் எந்த விடியற்காலை வண்டி காலியாக ஓடத் தொடங்கியது, எது நிரம்பியது என்பதைக் காய்கறிக்காரம்மாதான் சொல்ல முடியும்.

‘எந்த நம்பர் பஸ்?’ என்று தொடங்காதீர்கள். எண் நினைவில் சீக்கிரம் குழம்பும். ‘அம்மா, எங்கே ஏறுவீங்க? கிளம்பும்போது வெளிச்சம் வந்திருக்குமா? இறங்கி எவ்வளவு தூரம் நடப்பீங்க? உட்கார இடம் கிடைக்குமா?’ இதையெல்லாம் உடம்பு மறக்காது. உட்கார இடம் கிடைத்தது என்றால் வண்டி அங்கேயே கிளம்பியிருக்கிறது, அல்லது அதற்குப் பக்கத்தில். கடைசியில் எண்ணைக் கேளுங்கள், சொன்னதை அப்படியே எழுதுங்கள், அவர் முன்னால் திருத்தாதீர்கள்.

ஆண்டு கேட்டால் யாரும் சரியாகச் சொல்ல மாட்டார்கள். ஊரே நினைவில் வைத்திருக்கும் நாளோடு கட்டிக் கேளுங்கள். எம்.ஜி.ஆர். இறந்தது 1987 டிசம்பர். ராஜீவ் கொலை 1991 மே. சுனாமி 2004 டிசம்பர். பெருவெள்ளம் 2015 டிசம்பர். வர்தா புயல் 2016 டிசம்பர். ‘எம்.ஜி.ஆர். இறந்தப்போ இந்த வண்டி இங்க வந்துச்சாண்ணே, இல்ல மெயின் ரோட்டோட நின்னுடுமா?’ என்று கேட்டால் பதில் பளிச்சென்று வரும். சொந்த வாழ்க்கையின் நாள்களும் உதவும்: மூத்த பிள்ளை எந்த வகுப்பு, பள்ளிக்கு பஸ் பாஸ் வாங்கியதா, கல்யாணமாகி வந்தபோது சாலை தார் போட்டிருந்ததா. பத்து பேரிடம் கேட்டு ஆண்டைச் சராசரி எடுக்காதீர்கள். ‘இதற்கு முன் இல்லை’, ‘இதற்குப் பின் இருந்தது’ என்ற இரண்டு எல்லைகளை நெருக்கிக்கொண்டே வாருங்கள்.

ஊழியர்களிடம் அவர்கள் மொழியிலேயே கேட்க வேண்டும். ஒரு ஷிஃப்டில் எத்தனை சிங்கிள் (ஒரு திசைப் பயணம்), இன்வாய்ஸ் (விற்ற டிக்கெட் கணக்கு) எழுத எந்த இடத்தில் வண்டியை மெதுவாக்குவார்கள், நைட் ஹால்ட் எங்கே, செக்கர் எங்கே ஏறுவார். இன்வாய்ஸ் எழுதும் இடம் ஸ்டேஜ் எல்லை. அந்த எல்லை எங்கே இருக்கிறது என்பதால் கட்டணம் கூடுகிறது, அதனால் ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடக்கிறவர்கள் உண்டு. சிங்கிள் எண்ணிக்கை குறைந்த ஆண்டு நெரிசல் கூடிய ஆண்டு. எட்டு சிங்கிள் அடித்த ஷெட்யூல் ஆறாக ஆனது என்று ஒரு நடத்துநர் சொன்னால், தடத்தில் வண்டி குறையாமலே சேவை கால்வாசி குறைந்தது என்று பொருள். எந்தப் பட்டியலிலும் இது கிடைக்காது.

தொழிற்சாலைப் பகுதிகளில் முதலில் ஷிஃப்ட் நேரத்தைக் கேளுங்கள். பெரம்பூர் ஐ.சி.எஃப்., அம்பத்தூர் எஸ்டேட், ஆவடி, எண்ணூர், மணலி. காலை 6, பகல் 2, இரவு 10 என்ற மூன்று முறை வேலைக்குத் தோதாக முதல் வண்டியும் கடைசி வண்டியும் அமைந்திருக்கும். ஆலை ஷிஃப்டைக் குறைத்தாலோ கம்பெனியே பஸ் விட்டாலோ இரவு 10 மணி வண்டிதான் முதலில் போகும். அதை நம்பியிருந்த நர்ஸும் ஹோட்டல் தொழிலாளியும் அன்றிலிருந்து ஷேர் ஆட்டோவுக்குக் காசு கொடுத்தார்கள்.

அடிக்கடி கெடும் இடங்கள்

புகைப்படத்தில் ஒரு வண்டியும் போர்டும் தெரிந்தால் அதைச் சான்று என்று எடுத்துக்கொள்கிறோம். ஸ்பேர் வண்டியில் பழைய போர்டை மாற்றாமல் விட்டிருக்கலாம், அல்லது வேறு தடத்து வண்டி அன்று அந்தத் தடத்துக்கு ஓடியிருக்கலாம். வண்டியில் எழுதியிருக்கும் பணிமனையின் சுருக்க எழுத்து அந்தத் தடத்தை இயக்கும் பணிமனையோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். பதிவெண்ணில் டி.என்.-01-என் வரிசை இருந்தால் அரசுப் பேருந்து என்பது உறுதி, தடம் உறுதியல்ல.

1994 முதல் 2001 வரையிலான ஆவணங்களில் இரு கழகங்களின் கணக்கு தனித்தனி. வட சென்னைப் பணிமனையிலிருந்து தென் சென்னைக்கு வரும் தடம் ஒரு பட்டியலில் மட்டும் இருக்கும். இன்னொன்றில் இல்லை என்பதற்காகத் தடம் நின்றுவிட்டது என்று எழுதியவர்கள் இருக்கிறார்கள்.

மெட்ரோ பணிக்காகச் சுற்றிவிட்ட பாதை அடுத்த பெரிய குழப்பம். ஆண்டுக்கணக்கில் நீடித்ததால் பயணிகளுக்கு அதுவே பாதை. ஸ்டேஜ் பட்டியலில் பழைய பாதையே இருக்கும். இரண்டையும் எழுதுங்கள், ‘காகிதத்தில்’, ‘சாலையில்’ என்று தனித்தனிப் பத்தியாக. ஒருவழிச் சாலைகளால் போகும் வழியும் வரும் வழியும் வேறாக இருப்பதையும் மறக்க வேண்டாம். ஒரு திசையில் மட்டும் ஏறி எழுதிய தடக்குறிப்பு பாதிக் குறிப்பு.

நகர எல்லை இன்னொன்று. 2011-ல் மாநகராட்சி 174-லிருந்து 426 சதுர கிலோமீட்டரானது. அம்பத்தூரும் திருவொற்றியூரும் அப்போதுதான் உள்ளே வந்தன. ஆவடி 2019-லும் தாம்பரம் 2021-லும் தனி மாநகராட்சிகளாயின. ‘புறநகர்ப் பேருந்து’ என்று நீங்கள் எழுதும்போது எந்த ஆண்டின் எல்லைக்கு வெளியே என்று அடைப்புக்குறிக்குள்ளாவது சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் அட்டவணையும் இன்னொருவர் அட்டவணையும் ஒருபோதும் ஒத்துப்போகாது.

இன்றைய தடத்தை எழுதி வைப்பது

2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்ததும் தெற்குத் தடங்களின் வால்கள் மாறிவிட்டன. ஒரு காலத்தில் தாம்பரத்தோடு நின்று, பிறகு வண்டலூருக்கு நீண்ட 21ஜி இப்போது கிளாம்பாக்கம் வரை போகிறது. 2025 ஜூனில் வியாசர்பாடியிலிருந்து மின்சாரத் தாழ்தளப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. எல்.இ.டி. போர்டில் எண் ஒளிர்கிறது, தகரம் மிஞ்சாது. எழுதி வைக்காத மாற்றம் ஐந்தே ஆண்டில் வாய்வழிக் கதையாகிவிடும். அதனால் பழையதைத் தேடும் அதே வாரத்தில் ஒரு தடத்தை இன்றைய நிலையில் பதிவு செய்துவிடுங்கள்.

ஒரு தடத்துக்கு மூன்று பயணம் வேண்டும். முதல் வண்டி, காலை நெரிசல் வண்டி, இரவின் கடைசி வண்டி. ஒவ்வொன்றும் இரு திசையிலும். செல்போனில் ஜி.பி.எஸ். பதிவை 5 விநாடிக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள். மேம்பாலத்துக்கு அடியில் அது தாவும், பயப்பட வேண்டாம். ஒரு குறிப்பேட்டில் ஐந்து பத்தி: நிறுத்தத்தின் பலகைப் பெயர், நடத்துநர் கூவும் பெயர், நேரம், ஏறியவர், இறங்கியவர். இரண்டு பெயரும் பெரும்பாலும் வேறாக இருக்கும், கூவும் பெயர்தான் வயதில் மூத்தது. வண்டியின் வகை, பணிமனை எழுத்து, கட்டணம், தேதி இந்த நாலும் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் வரட்டும். முனையில் இறங்கியதும் போய்விடாமல் பேருந்து எந்தப் பக்கம் சுற்றித் திரும்புகிறது, எத்தனை நிமிடம் நிற்கிறது, ஊழியர்களுக்குக் கழிவறை உண்டா என்பதையும் எழுதுங்கள். திரும்ப இடமில்லாமலும் ஒதுங்க இடமில்லாமலும் கைவிடப்பட்ட முனைகள் உண்டு, அந்தக் காரணம் எந்தக் கோப்பிலும் ஏறுவதில்லை.

கோப்புக்குப் பெயர் வைக்கும்போது எண்ணை முன்னால் போடாதீர்கள். முதலில் இரு முனைகள், பிறகு ஆண்டு, மாதம், நாள், அதன்பின் எண், கடைசியில் வண்டியின் வகை: பிராட்வே, கேளம்பாக்கம், தேதி, 102, வெள்ளை போர்டு. நாளை 102 என்ற எண் வேறொரு தடத்துக்குப் போனாலும் கேளம்பாக்கத்தைத் தேடுகிறவர் கையில் இது கிடைக்கும்.